ஆமென்காரர் கூண்டு

மாலை நாலரை மணி. டிசம்பர் மாதத்தில் எங்கள் டன்மியர் ஊருக்கு அதுவே ராத்திரி. ஆலைக்குளத்தின் கரைமேல் போகிற சாலை… ஒரு பக்கம் உறைந்து கிடக்கிற குளம், மறுபக்கம் காய்ந்த நாணல். ஒரு வீடு கிடையாது, ஒரு வெளிச்சம் கிடையாது. அதில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். தோளில் ஒரு கட்டு ஹெம்லாக் என்கிற ஊசியிலை மரத்துத் தழை. கையில் லாந்தர். இடுப்பில் கோவில் சாவி. அந்தக் காலத்துச் சாவி, கனம் ஒரு சுத்தியல் அளவுக்கு இருக்கும். நடக்க நடக்கத் தொடையில் இடிக்கும். டக்… டக்… டக்…

அவள் நின்றாள். சத்தமும் நின்றது. பின்னால் இன்னொரு டக் கேட்டது என்று சொல்லப் போகிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? கேட்கவில்லை. இல்லாததைச் சேர்த்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. உள்ளதே போதும்.

எலைஷா, அந்த அடுப்புக் கதவைச் சாத்து, புகை கண்ணைக் கரிக்கிறது. தழை கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டே கேளுங்கள். விடிவதற்குள் இந்தக் கிறிஸ்துமஸ் மாலையெல்லாம் தூணில் ஏறியாக வேண்டும். பேய்க் கதை கேட்டோம், கை ஓடவில்லை என்று குருவானவரிடம் போய் நிற்க முடியாது.

அந்தப் பெண் பெயர் டாமரிஸ் லிண்ட்லி. இதோ இருக்கிறாளே நம் லூசி, இவள் அம்மாவுக்குப் பெரியம்மா முறை. இதே கோவிலுக்குத்தான் அன்றைக்கு வந்துகொண்டிருந்தாள். இதே கிறிஸ்துமஸ் முந்தின நாள். தழை கட்ட வந்தாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவள் வந்தது வேறு காரியத்துக்கு. செத்துப்போன அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்க வந்தாள். மூன்று நாளில் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் பதில் தெரிந்தாக வேண்டும்.

என்ன கேள்வி? சொல்கிறேன். அதற்கு முன்னால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள். மூன்றடுக்குப் பிரசங்க மேடை. மேல் அடுக்கில் பிரசங்கம், நடு அடுக்கில் ஜெபம். கீழே, குட்டிக் கதவு வைத்து, ஒரு ஆள் மட்டும் உட்காருகிற மாதிரி ஒரு கூண்டு இருக்கிறதே… அதில் இப்போது ஒருவரும் உட்காருவதில்லை. ஏன் என்று சின்ன வயதில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரியவர்கள் பேச்சை மாற்றியிருப்பார்கள்.

அந்தக் காலத்தில் அது சபைக் கிளார்க்கின் இடம். பெயர்தான் கிளார்க், எழுத்து வேலை ஒன்றும் இல்லை. குருவானவர் ஒவ்வொரு ஜெபத்தையும் முடிக்கும்போது, சபையார் சார்பில் சத்தமாக ஆமென் சொல்ல வேண்டும். அவர் குரல் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். டாமரிஸின் அப்பா ஜோதம் லிண்ட்லிக்கு அந்த வேலை. ஊரில் அவரை ஆமென்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். எதிர்மேட்டில் தனிச் சபை வைத்திருந்த, நம் சபையைக் கண்டால் ஆகாத கூட்ட வீட்டுக்காரர்கள் கேலியாகச் சொன்னது, போகப் போக எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு முன்பல் ஒன்று இல்லை. ஆமென் சொல்வதற்கு முன் மூச்சை இழுப்பார். அந்தச் சந்தில் சன்னமாக ஒரு சீழ்க்கை வரும். ஸ்ஸ்வீ… அப்புறம் ஆமென். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஜோதம்தான் என்று தெரியும்.

இடம் தவறியோ முந்திக்கொண்டோ அவர் ஆமென் சொன்னதே இல்லை. மனசு ஒப்பாமலும் சொன்னதில்லை.

அப்புறம் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நம் அமெரிக்காவில் விடுதலை யுத்தம் வந்தது. அது வந்தபோது இங்கிலாந்துச் சபைக்காரர்களான நம் ஆட்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. குருப்பட்டம் வாங்கும்போதே ராஜாவுக்காக ஜெபிப்பேன் என்று ஆணையிட்டுத்தான் அந்தக் காலத்துக் குருவானவர்கள் லண்டனிலிருந்து கப்பல் ஏறினார்கள். இங்கேயோ ராஜாவை எதிர்த்து ஊரே துப்பாக்கி தூக்கிவிட்டது. ஜெபித்தால் ஊர் அடிக்கும், ஜெபிக்காவிட்டால் ஆணை அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதலைக் கட்சிக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து கோவிலுக்குள் பின்சுவரோரம் வரிசையாக நின்றார்கள். "ராஜா பேரு வாயில வந்துச்சு, நடக்குறது வேற" என்று ஒருவன் சொன்னான்.

பழைய குருவானவர் கிழவர். ஆனாலும் வாசித்தார். "எங்கள் கிருபையுள்ள ராஜாவாகிய ஜார்ஜ்…" என்று கடைசிவரை வாசித்தார். சபையார் முழங்காலில் நின்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள். ஈ பறந்தால்கூடக் கேட்கிற அமைதி.

ஸ்ஸ்வீ… ஆமென்.

ஒரே ஒரு ஆமென். அவர் சொல்லி முடித்த பின் வழக்கமாகச் சேர்ந்துகொள்கிற அத்தனை வாயும் அன்றைக்கு மூடியே இருந்தது.

வீட்டுக்குப் போனதும் டாமரிஸ் அழுதாள். பன்னிரண்டு வயதுப் பெண், அம்மா இல்லாதவள். "ஏம்ப்பா சொன்னீங்க? ராஜா நமக்கு என்ன மாமனா மச்சானா?"

ஜோதம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ராஜாவுக்காக இல்லடி. அந்த மனுசர் தனியா நின்னு ஜெபிச்சாரு. ஒருத்தரோட ஜெபத்த அந்தரத்துல தொங்க விடக்கூடாது. அதுக்குத்தான் எனக்கு அந்தக் கூண்டு."

அன்று இரவு வாசல் தட்டும் சத்தம் கேட்டது. முரட்டுத் தட்டல் இல்லை, தெரிந்தவர்கள் தட்டுகிற தட்டல். பரணில் படுத்திருந்த டாமரிஸுக்குக் கீழே குசுகுசு என்று பேச்சு கேட்டது. ஒரு குரல் அப்பாவுடையது. மற்றது யாருடையது என்று பிடிபடவில்லை. குளிர்க்காற்றோடு நனைந்த கம்பளி வாசனை மேலே வந்தது.

"யாருப்பா அது?"

"நம்ம ஜனம்தான். நீ தூங்கு. கோவில் கதவ ஒடச்சு வெள்ளிக் கிண்ணத்த எடுக்குறாங்களாம். பாத்துட்டு வந்துர்றேன்."

நம்ம ஜனம்தான். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது.

காலையில் போய்ப் பார்த்தால் கோவில் கதவு பூட்டினபடியே இருக்கிறது. கிண்ணம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சாவி வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது. ஜோதம் ஆலைக்குளத்தின் நடுவில், பனிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கோவிலுக்குக் குளத்தைக் குறுக்கே கடப்பது சுருக்குவழி, குளிர்காலத்தில் எல்லோரும் கடப்பதுதான். பனி உடைந்துவிட்டது, பாவம், விதி என்று ஊர் முடித்துவிட்டது.

ஆனால் அவர் கொண்டுபோன லாந்தர்… உடைந்த ஓட்டைக்கு இரண்டு எட்டு தள்ளி, பனியின் மேல் நேராக நின்றது. திரி முழுக்க எரிந்து தானாக அணைந்திருந்தது. மூழ்குகிறவன் லாந்தரை நிதானமாகக் கீழே வைத்துவிட்டா மூழ்குவான்? யாரோ அவர் கையிலிருந்து வாங்கியிருக்க வேண்டும். டாமரிஸ் அதைப் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வாள்? நம்ம ஜனம் என்று அப்பாவே சொல்லிவிட்டாரே. எதிர்மேட்டுக்காரன் இல்லை, துப்பாக்கிக்காரன் இல்லை. இந்தக் கோவிலில் அவரோடு முழங்காலில் நின்ற ஒருவன்.

அதற்குப் பின் கோவிலை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். குருவானவர் கப்பலேறிப் போனார். சாவி டாமரிஸிடமே தங்கிவிட்டது. சபையார் அநாதைப் பெண்ணை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து சோள ரொட்டி, ஒரு வீட்டிலிருந்து உப்புப் போட்ட பன்றிக்கறி, ஒரு வீட்டிலிருந்து விறகு. எந்தத் தட்டில் இரக்கம் இருக்கிறது, எந்தத் தட்டில் குற்றம் இருக்கிறது என்று தெரியாமல் அவள் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டாள். கொல்லர் தோபியாஸ் தலையைத் தடவினால், இந்தக் கையா என்று நினைப்பாள். கடைக்கார ஓல்கட் குசுகுசுவென்று பேசினால் காதைத் தீட்டிக்கொள்வாள். படகுத்துறை ராண்டல் மழையில் நனைந்து வந்தால், அவர் கம்பளிக் கோட்டை மோந்து பார்ப்பதற்காகவே பக்கத்தில் போய் நிற்பாள். அப்படியே வளர்ந்தாள். நல்ல பெண்தான், ஆனால் ஒருவர் கண்ணையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். அவள் பார்க்காமல் இல்லை. ரொம்பப் பார்த்தாள்.

ஒரே ஒருவன்மேல் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆலைக்காரர் மகன் காலேப் மார்வின். சம்பவம் நடந்த வாரம் அவன் ஆலைக்குச் சாமான் வாங்க நியூ ஹேவன் பட்டணத்துக்குப் போயிருந்தான் என்று அவன் அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். யாரும் கேட்காமலே சொல்லியிருந்தாள். மாதாமாதம் அவன் ஒரு மூட்டை மாவு கொண்டுவந்து வாசலில் வைப்பான். "உள்ள வாங்க, குளுருது" என்றால், "இல்ல டாமரிஸ், பூட்ஸெல்லாம் சேறு" என்று வாசற்படியோடு போய்விடுவான். வெயில் காலத்திலும் சேறுதான். கண்ணியமான பையன் என்று அவள் நினைத்தாள். அவன் வந்து பெண் கேட்டபோது, நம்பி உட்கார ஒரு இடம் கிடைத்ததே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து, கோவிலைத் திறந்து, புதுக் குருவானவர் ஹாலம் வந்து சேர்ந்த வருஷம் அது. ராஜா போய்விட்டார், நாடு வேறாகிவிட்டது, ஆனால் ஜெபப் புத்தகம் மட்டும் பழையதுதான். புதுசு அச்சாகி வரவில்லை. அதனால் ராஜா பெயர் வருகிற இடத்திலெல்லாம் காகிதத் துண்டு ஒட்டி வைத்திருந்தார்கள். காலேப்புக்கும் டாமரிஸுக்கும் கல்யாண ஓலை, அதாவது மூன்று ஞாயிறு சபையில் சொல்கிற கல்யாண அறிவிப்பு, வாசிக்க ஆரம்பித்த முதல் ஞாயிறு. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே மெழுகுவத்தி போதவில்லை. ஹாலம் ஐயர் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகவே ஜெபித்தார். கண்ணை மூடினால் காகிதத் துண்டு எங்கே தெரியும்? இருபது வருஷத்துப் பழக்கம், நாக்கு தன் வழியில் போய்விட்டது.

"எங்கள் கிருபையுள்ள ராஜாவாகிய ஜார்ஜ்…"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஒருவரும் அசையவில்லை. இது வெளியே தெரிந்தால் எதிர்மேட்டிலிருந்து தீப்பந்தம் வரும்.

அந்த அமைதியில்… ஸ்ஸ்வீ.

"ஆமென்."

கீழ்க்கூண்டு காலி. பத்து வருஷமாகக் காலி. டாமரிஸ் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் மோந்து பார்த்தாள். வந்தது நனைந்த கம்பளி வாசனை, கூடவே குளத்துச் சேறு.

ஆராதனை முடிந்ததும் வாசலில் கூடிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள். பேய் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவர்களுக்குப் பயம் உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி.

"யாருய்யா சொன்னது?" என்றார் ஓல்கட்.

"நீதான அந்தப் பக்கம் உக்காந்திருந்த" என்றார் தோபியாஸ்.

"எனக்கு எதுக்குய்யா ராஜா? எங்க கடைல அவன் ஊரு தேயிலகூட விக்கிறதில்ல."

"தேயில விக்காதவன்தான் ராஜாவுக்கு விரோதின்னு யாரு சொன்னா? நீ எதத்தான் ஒழுங்கா வித்த."

ராண்டல் குறுக்கே வந்தார். "நம்மள மாட்டி விடணும்னே எவனோ உள்ள வந்து உக்காந்திருக்கான். பத்து வருசத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் ஒருத்தன் இருந்தான்." சொல்லிவிட்டு டாமரிஸைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

காலேப் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். "எவனோ வெளையாடுறான். விடுங்க. அந்தக் கூண்டுக் கதவ ஆணி அடிச்சு மூடிட்டாப் போச்சு. நானே அடிக்கிறேன்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். டாமரிஸ் மட்டும் அவனையே பார்த்தாள். குரல் கூண்டுக்குள்ளிருந்து வந்தது என்று அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கும் காது இருக்கிறது, கேட்டிருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவன் ஆணி அடித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தாள். ஆலையில் வேலை செய்து பழகின கை. அந்தக் கை இரண்டு தடவை கட்டைவிரலில் அடித்துக்கொண்டது. சந்தேகம் என்பது பல்லில் மாட்டிய நார் மாதிரி. இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நாக்கு அங்கேயேதான் போகும்.

இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை எல்லாம் வாசித்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் வருகைக் காலம், அதில் நாம் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளுக்கு மறுநாள் என்று குறித்தார்கள். டாமரிஸுக்குத் தூக்கம் போயிற்று. கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பற்றி ஒரு நாள் நல்லவன் என்பாள், ஒரு நாள் ஐயோ என்பாள். கடைசியில் அந்த நாலரை மணிக்குச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அப்போது இந்த அடுப்பெல்லாம் கிடையாது. வெளியே இருக்கிற குளிரைவிட உள்ளே இருக்கிற குளிர் அதிகம். தழை மட்டும் பச்சையாக மணக்கிறது. லாந்தரைத் தரையில் வைத்துவிட்டு, தன் குடும்பத்துப் பெஞ்சில் முழங்காலில் நின்றாள். நேர் எதிரே ஆணி அடித்த கூண்டுக் கதவு.

முதலில் அப்பா இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். ரகசியமாக அந்த ராஜா ஜெபத்தைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஸ்ஸ்வீ… "ஆமென்."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து. கை நீட்டினால் தொடுகிற தூரம்.

அவள் ஓடவில்லை. ஓடுகிற பெண்ணாக இருந்தால் வந்திருக்கவே மாட்டாள். அப்பா என்று கூப்பிட்டாள், பதில் இல்லை. யாருப்பா அது என்று கேட்டாள், பன்னிரண்டு வயதில் கேட்ட அதே கேள்வி. பதில் இல்லை. அப்புறம்தான் புரிந்தது. அந்தக் கூண்டுக்குள் இருக்கிறவருக்கு ஒரே சொல்தான் உண்டு. அதையும் ஜெபத்துக்குப் பதிலாகத்தான் சொல்வார். ஆகவே ஜெபமாகத்தான் கேட்க வேண்டும்.

என்ன ஜெபம்? இங்கேதான் நம் ஆட்களுக்கே உரிய தப்பை அவள் செய்தாள். கோவிலில் வளர்ந்த பெண். விரோதியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாம் வாராவாரம் சொல்கிற அந்த ஒரே வரிதான், எங்கள் சத்துருக்களை மன்னியும் என்கிற வரி. சபிக்கிற ஜெபம் அவள் வாயில் வரவே வராது. அதனால் இப்படி ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, எங்கப்பாவ அன்னிக்கு ராத்திரி வாசல்ல வந்து கூப்பிட்ட தோபியாஸ மன்னியும்."

தோபியாஸ்தான் என்றால் அப்பா ஆமென் சொல்வார், இல்லையென்றால் பேசாமல் இருப்பார். இதுதான் அவள் கணக்கு.

பதில் இல்லை.

"எங்கப்பாவக் கூப்பிட்ட ஓல்கட்ட மன்னியும்."

ஒன்றுமில்லை. மேலே கூரையில் பனி சரிகிற சத்தம்.

ராண்டல் பெயரைச் சொன்னாள். மற்ற ஒவ்வொருவர் பெயரையும் சொன்னாள். செத்துப்போனவர்களையும் விடவில்லை. நாக்கு மரத்துப்போகிறது, முழங்கால் கல்லாகிவிட்டது. கடைசியாக ஒரே பெயர் மிச்சம். லாந்தர்த் திரியைத் தூண்டிவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

"ஆண்டவரே… எங்கப்பாவ வாசல்ல வந்து கூப்பிட்ட காலேப்ப மன்னியும்."

கூரைச் சத்தம் நின்றது. ஜன்னல் சந்துகளில் ஊதிக்கொண்டிருந்த காற்று நின்றது. லாந்தர்த் திரிகூட ஆடாமல் நின்றது.

ஆமென் வரவில்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், அப்புறம் சிரித்தாள். என்ன மனசு இது, தங்கமான மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கொண்டுவந்த தழையையெல்லாம் கூண்டின்மேல் கட்டினாள். வீட்டுக்குப் போகும்போது சாவி இடித்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

கல்யாண நாள். நல்ல வெளிச்சமான காலை, சபையார் எல்லோரும் இருந்தார்கள். தோபியாஸ் புதுச்சட்டை போட்டிருந்தார், ஓல்கட் இரண்டு பெட்டி உலர்திராட்சை இனாமாகக் கொடுத்திருந்தார். டாமரிஸ் அன்றைக்குத்தான் எல்லோர் கண்ணையும் நேராகப் பார்த்தாள். ஹாலம் ஐயர் சொல்லிக்கொடுக்கக் கொடுக்க, அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு காலேப் திருப்பிச் சொன்னான். நன்மையிலும் தின்மையிலும். வாழ்விலும் தாழ்விலும். வியாதியிலும் சுகத்திலும்.

"மரணம் நம்மைப் பிரிக்குமளவும்" என்றார் ஐயர்.

"மரணம் நம்மைப் பிரிக்குமளவும்" என்றான் காலேப்.

ஸ்ஸ்வீ…

"ஆமென்."

நீங்கள் எத்தனை கல்யாணம் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் ஆமென் உண்டா? கிடையாது. அதற்கப்புறம் இன்னும் வாக்கு இருக்கிறது, மோதிரம் இருக்கிறது. ஆயுளில் ஒரு தடவைகூட இடம் மாற்றிச் சொல்லாத மனுஷர்… அவ்வளவு அவசரமாக, அவ்வளவு மனசு ஒப்பி, அந்த இடத்தில் சொன்னார்.

சபையார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காலேப் யாரையும் பார்க்கவில்லை. தழை கட்டின கூண்டை மட்டும் பார்த்தான். விரலில் தயாராக வைத்திருந்த மோதிரம் நழுவிப் பலகையில் விழுந்து, உருண்டு, கூண்டுக் கதவின் அடிச்சந்து வழியாக உள்ளே போயிற்று. டங் என்று எங்கோ நின்றது.

"பனி தாங்கும்னுதான் நெனச்சேன், ஜோதம் ஐயா" என்றான் காலேப். "அக்கரைல அந்தத் துப்பாக்கிக்காரங்க நின்னுட்டிருந்தாங்க. உங்கள அங்க கொண்டாந்து விடணும்னுதான் சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க."

டாமரிஸின் கை இன்னும் அவன் கைக்குள் இருந்தது. அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "தாங்கும்னு நெனச்சீங்க. அப்ப லாந்தர ஏன் அவர் கைலேருந்து வாங்குனீங்க?"

அவன் ஆலைக்காரர் மகன். எந்த இடத்தில் பனி மெலிசு என்று ஊரில் மற்ற எல்லோரையும்விட அவனுக்குத் தெரியும். அவள் கையை விட்டுவிட்டு, யாரோ தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து, நடுவழியே வாசலுக்குப் போனான். ஒருவருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. அவன் போன பிறகு தரைப்பலகையில் அவன் பூட்ஸ் தடத்துக்குப் பக்கத்தில் ஈரம் சொட்டியிருந்தது.

மாலைவரை அவன் வீடு திரும்பவில்லை, தேடிப் போனபோது இருட்டத் தொடங்கிவிட்டது. பனியில் அவன் காலடி தெளிவாகக் குளத்துக்குப் போகிறது. நடுக்குளம் வரை போய் நிற்கிறது. அதற்குமேல் இல்லை. பனி உடையவில்லை, ஒரு கீறல் இல்லை, மாட்டு வண்டி ஓட்டலாம் அப்படி உறைந்திருந்தது. காலடி முடிந்த இடத்தில் ஒரு லாந்தர் நேராக நின்றது. எரிந்துகொண்டிருந்தது. ஆலைக்காரரே மதகைத் திறந்து குளத்தை வடித்துப் பார்த்தார். மகன் கிடைக்கவில்லை.

டாமரிஸுக்கு அன்று இரவுதான் தன் தப்பு விளங்கியது. காலேப்தானா என்று அவள் கேட்கவே இல்லை. காலேப்பை மன்னியும் என்று கேட்டிருக்கிறாள். அந்த ஜெபத்துக்கு அப்பா வாய் திறக்கவில்லை. மனசு ஒப்பாமல் ஆமென் சொல்கிறவரா அவர்?

அதற்கப்புறம் அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முந்தின நாள் தழையோடு வருவாள். கூண்டுக்கு எதிரே முழங்காலில் நிற்பாள். அதே ஜெபம். காலேப்பை மன்னியும். முதல் வருஷமே பதில் வந்தது… ஆனால் சீழ்க்கை இல்லை. வேறு குரல். பல்லோடு பல் கிட்டி, கடகடவென்று அடித்துக்கொண்டு, அதற்கு நடுவில் ஆ… மென். குளிரில் விறைத்துப்போன ஆள் பேசுகிற மாதிரி. பாவம், அவனே அவனுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் சொல்லவில்லை.

"அப்பா, ஒருத்தரோட ஜெபத்த அந்தரத்துல தொங்க விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று அவள் கெஞ்சுவதை ராண்டல் மனைவி ஒரு தடவை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். கிழவியாகித் தலை ஆடுகிற வயதிலும் வந்து கெஞ்சினாள். பெற்ற மகள் ஜெபத்தை அந்த மனுஷர் அந்தரத்திலேயே தொங்கவிட்டார். சாகும்போது சாவியையும் அந்த ஜெபத்தையும் லூசியின் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது இரண்டும் லூசியிடம் இருக்கிறது.

எலைஷா, சிரிக்காதே. ஆணியைப் பிடுங்கித் திறந்து பார்க்கலாம் என்கிறாய், சரி. பிடுங்கு. மோதிரம் உள்ளேதான் கிடக்கிறது, எடுத்துக்கொள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. நீ வை.

வைக்க மாட்டாய். உட்கார்.

சற்று முன்னால் லூசி அந்தக் கூண்டின்மேல் தழை கட்டினாளே, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். நீங்கள் எல்லோரும் இங்கே சூடாகச் சாறு குடித்துக்கொண்டிருந்தீர்கள். அவள் முணுமுணுத்தது உங்களுக்குக் கேட்டிருக்காது. பல் கிட்டுகிற அந்தக் குரல் உடனே வந்தது. அது வருஷா வருஷம் வருவதுதான், எங்களுக்குப் பழகிவிட்டது. வழக்கம்போல இரண்டாவது குரலுக்காகக் கொஞ்சம் நின்றோம். வராது என்று தெரிந்துதான் நின்றோம்.

இன்றைக்குக் கூண்டுக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஸ்ஸ்வீ… என்று. நீளமாக.

லூசி இன்னும் ஏன் இந்தத் தழையைத் தொடாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தீர்கள்? இழுத்த மூச்சு இன்னும் வெளியே வரவில்லை.